அமெரிக்கா வந்திருக்கும் பெரியவர்களுக்கு: பயணச் சலுகைகளை எந்த வரிசையில் தேடுவது?

அறுபதைத் தாண்டிய வயதில் கிரீன் கார்டில் வந்து இறங்கியவர்களுக்கும், அவர்களை அழைத்து வந்த பிள்ளைகளுக்கும் இந்தக் குறிப்பு. வந்த முதல் ஆண்டிலேயே நயாகரா, வாஷிங்டன், கிராண்ட் கேன்யன் என்று பட்டியல் நீளும். தெரிந்தவர் யாராவது ஒருவர், "ஏஏஆர்பி கார்டு வாங்கிடுங்க, எல்லா இடத்துலயும் டிஸ்கவுண்ட்" என்பார். ஏஏஆர்பி என்பது 50 வயதைத் தொட்டவர்கள் சந்தா கட்டிச் சேரும் அமெரிக்கச் சங்கம். அதன் கார்டை வாங்கலாம், தப்பில்லை. ஆனால் முதலில் வாங்க வேண்டியது அது இல்லை. இந்த நாட்டில் பெரியவர்களுக்குக் கிடைக்கும் நல்ல சலுகைகளில் பாதிக்கு மேல் எந்தச் சங்கத்திலும் சேராமல், வயதைக் காட்டினாலே கிடைப்பவை. சந்தா கட்டி வாங்குபவை அதற்கு அடுத்தபடிதான்.

வயதைப் பற்றி முதலில் ஒரு விஷயம். சீனியர் சிட்டிசன் என்றால் 60 என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே ஒரே கணக்கு கிடையாது. ஏஏஆர்பிக்கு 50, தேசியப் பூங்கா பாஸுக்கு 62, ஆம்ட்ராக் ரயிலுக்கு 65. உள்ளூர் பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் பெரும்பாலும் 65. நியூஜெர்சி டிரான்சிட்டில் 62. எங்கே கேட்டாலும் பாஸ்போர்ட்டிலும் கிரீன் கார்டிலும் இருக்கும் பிறந்த தேதிதான் செல்லும். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியோடு வாழ்க்கை முழுவதும் ஓட்டிவிட்ட பெரியவர்கள் நம்மில் நிறையப் பேர். சிலருக்கு அது இங்கே லாபம், சிலருக்கு நஷ்டம். இன்னொன்று, சலுகைக்காகப் பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். கார் ஓட்டாதவர்களுக்கும் மாநில அரசு புகைப்பட அடையாள அட்டை தருகிறது. வந்த சில வாரங்களுக்குள் அதை எடுத்துவிடுங்கள்.

சரி, முதலில் வாங்க வேண்டியது எது? என்னைக் கேட்டால் தேசியப் பூங்காக்களுக்கான சீனியர் பாஸ். ஓராண்டுக்கு 20 டாலர், ஆயுள் முழுவதற்கும் 80 டாலர். 2017 வரை ஆயுள் பாஸ் வெறும் 10 டாலராக இருந்தது என்று பழைய ஆட்கள் பெருமூச்சு விடுவார்கள். 80 டாலருக்கும் இது கொள்ளை மலிவுதான். கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி போன்ற இடங்களில் ஒரு காருக்கு நுழைவுக் கட்டணம் 35 டாலர். ஒரே ஒரு பூங்காவுக்குப் போனாலே ஓராண்டு பாஸின் காசு திரும்பி வந்துவிடும். பாஸ் வைத்திருப்பவர் காரில் இருந்தால் போதும், காருக்குக் கட்டணம் வாங்கும் பூங்காக்களில் அதே காரில் வரும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் அதிலேயே உள்ளே போகலாம். ஆள் கணக்கில் வாங்கும் இடங்களில் பாஸ்காரரோடு இன்னும் மூன்று பெரியவர்கள் வரை போகலாம். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எப்படியும் கட்டணம் கிடையாது. பல கூட்டாட்சி முகாம் திடல்களில் கூடாரம் அடிக்கும் கட்டணமும் பாதியாகும். ஓராண்டு பாஸை நான்கு முறை வாங்கியிருந்தால், அவற்றைக் கொடுத்துவிட்டு ஆயுள் பாஸாக மாற்றிக்கொள்ளலாம். அதனால் இங்கேயே தங்கப்போகிறோமா, திரும்பிப் போகப்போகிறோமா என்று முடிவெடுக்காதவர்கள் தைரியமாக 20 டாலரில் ஆரம்பிக்கலாம்.

இந்த பாஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். கிரீன் கார்டு இருந்தால் தகுதி உண்டு. விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குக் கிடையாது. பூங்கா நுழைவாயிலில் நேரில் அடையாள அட்டையைக் காட்டி வாங்குவதுதான் சிக்கனம். தபாலில் வரவழைத்தால் அதற்குத் தனிக் கட்டணம் போடுவார்கள். அப்புறம், இது கூட்டாட்சி அரசின் இடங்களுக்கு மட்டும்தான். மாநிலப் பூங்காக்களில் செல்லாது. சுதந்திர தேவி சிலைக்குப் போகும் படகுக்கும் செல்லாது, ஆனால் அந்தப் படகு டிக்கெட்டிலேயே 62 வயதானவர்களுக்குத் தனி விலை இருக்கிறது. ஸ்மோக்கி மலைப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது, வண்டி நிறுத்தத்தான் காசு. அந்தக் காசுக்கும் இந்த பாஸ் உதவாது.

அடுத்து உள்ளூர்ப் போக்குவரத்து. இதை நம்மவர்கள் அதிகம் கவனிப்பதில்லை, ஏனென்றால் பிள்ளைகள் காரில் கூட்டிப்போகிறார்கள். ஆனால் மகனும் மருமகளும் வேலைக்குப் போன பகல் நேரத்தில் கோயிலுக்கோ நூலகத்துக்கோ தாமாகப் போய் வர முடிகிற பெரியவர்களின் முகமே வேறு. கூட்டாட்சி நிதி பெறும் பொதுப் போக்குவரத்து அமைப்புகள், நெரிசல் இல்லாத நேரங்களில் 65 வயதானவர்களிடம் பாதிக் கட்டணத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. பல ஊர்களில் நாள் முழுவதும் அதே சலுகையைத் தருகிறார்கள். நியூயார்க் சப்வேயில் பாதிக் கட்டணம். சான் பிரான்சிஸ்கோ பகுதியின் பார்ட் ரயிலில் 62.5 சதவீதம் தள்ளுபடி, அதற்குச் சீனியர் கிளிப்பர் கார்டு என்ற பயண அட்டை எடுக்க வேண்டும். பிலடெல்பியாவில் பென்சில்வேனியா மாநில லாட்டரிப் பணத்தின் புண்ணியத்தில், அந்த மாநிலத்தில் வசிக்கும் 65 வயதானவர்களுக்கு பஸ்ஸும் சப்வேயும் இலவசம். உங்கள் ஊர் அமைப்பின் அலுவலகத்தில் சீனியர் கார்டுக்கு விண்ணப்பியுங்கள். பெரும்பாலும் வயதுக்கான ஆதாரமும் ஒரு புகைப்படமும் போதும்.

ரயில் என்றால் ஆம்ட்ராக். 65 வயதானவர்களுக்குப் பெரும்பாலான வண்டிகளில் 10 சதவீதம் குறைவு. டிக்கெட் எடுக்கும்போதே பயணியின் வகையை 'சீனியர்' என்று மாற்ற வேண்டும். மாற்றாமல் எடுத்துவிட்டு வண்டியில் கேட்டால் பிரயோஜனம் இல்லை. படுக்கை வசதியில் பெட்டிக்கான கட்டணத்துக்கு இந்தத் தள்ளுபடி வராது. நம் ரயில்வேயில் பாதிக் கட்டணம் வரை சலுகை அனுபவித்தவர்களுக்கு 10 சதவீதம் அற்பமாகத் தோன்றும். ஆனால் அந்தச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதுதானே!

இப்போது ஏஏஆர்பிக்கு வருவோம். ஓய்வுபெற்ற ஆசிரியை எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் 1958இல் தொடங்கிய அமைப்பு இது. சந்தா ஆண்டுக்கு 20 டாலர் அளவில். தானாகப் புதுப்பிக்கச் சம்மதித்தால் முதல் ஆண்டு இன்னும் குறைவு. குடியுரிமை தேவையில்லை. ஒருவர் சேர்ந்தால் அதே வீட்டில் உள்ள இன்னொருவரை இலவசமாகச் சேர்க்கலாம், ஆகவே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டாதீர்கள். முழுச் சலுகைகளும் 50 வயதானவர்களுக்கு என்றாலும் 18 வயது நிரம்பிய யாரும் சேரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

அதில் பயணத்துக்கு உண்மையிலேயே பயன்படுவது ஹோட்டலும் வாடகைக் காரும்தான். ஹில்டன், விண்டம், பெஸ்ட் வெஸ்டர்ன், சாய்ஸ் போன்ற குழுமங்களின் தளங்களில் அறை தேடும்போது 'சிறப்பு விலை' பகுதியில் ஏஏஆர்பி என்று தேர்ந்தெடுத்தால் வழக்கமாக 5 முதல் 10 சதவீதம் குறைத்துக் காட்டும். இங்கேதான் நிதானம் வேண்டும். குறைவது எந்த விலையிலிருந்து என்று பாருங்கள். ரத்துசெய்ய முடிகிற அறை 150 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஏஏஆர்பி விலை 135. அதே அறையை முன்பணம் கட்டி, ரத்துசெய்ய முடியாத நிபந்தனையில் 126க்கு அதே தளம் விற்கும். கார்டு இருந்தும் நமக்குக் கூடுதல் விலையா என்று தோன்றும். ஆனால் ஏஏஆர்பி விலையில் எடுத்த அறையைப் பெரும்பாலும் கடைசி ஓரிரு நாள் வரை ரத்துசெய்யலாம். சர்க்கரையும் மூட்டுவலியும் இருக்கிற வயதில், கிளம்பும் நாள் காலையில் "இன்னைக்கு வேண்டாம்ப்பா" என்று அப்பா சொல்ல வாய்ப்பு இருந்தால், அந்த 9 டாலர் காப்பீடு மாதிரி. நிச்சயமான பயணம் என்றால் மலிவானதை எடுங்கள். பிள்ளைகளிடம் டிரிபிள் ஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் உறுப்பினர் அட்டை இருந்தால் அந்த விலையையும் ஒருமுறை பாருங்கள். பல ஹோட்டல்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டையும் சேர்த்துக் கழிக்க மாட்டார்கள். செக்-இன் நேரத்தில் கார்டைக் கேட்கலாம், கையில் இருக்கட்டும்.

வாடகைக் காருக்கு ஏவிஸ், பட்ஜெட் ஆகிய நிறுவனங்கள் ஏஏஆர்பி உறுப்பினர்களுக்குத் தள்ளுபடி தருகின்றன. "30 சதவீதம் வரை" போன்ற விளம்பரங்களில் 'வரை' என்பதற்கு அழுத்தம் கொடுத்துப் படியுங்கள். சந்தா கட்டி உள்ளே போகும் மொத்த விலைக் கடையான காஸ்ட்கோவின் அட்டை இல்லாத தமிழ் வீடு இங்கே அபூர்வம். அதன் பயணத் தளமான காஸ்ட்கோ டிராவலில் அதே நாளுக்குப் பார்த்தால் பல முறை அங்கே இன்னும் குறைவாக இருக்கும், இரண்டாவது ஓட்டுநருக்கான கட்டணத்தையும் அங்கே தள்ளிவிடுகிறார்கள். வாங்கிய சந்தாவுக்கு விசுவாசமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

விமானத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்க நிறுவனங்களில் முதியோர் விலை சில வழித்தடங்களில் மட்டும் எட்டிப்பார்க்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஏஏஆர்பி உறுப்பினர்களுக்கு ஒரு தள்ளுபடி தருகிறது, ஏஏஆர்பி தளத்தின் வழியாகப் போனால்தான் அது கிடைக்கும். லண்டன் வழியாகச் சென்னை போகிறவர்கள் பார்க்கலாம். ஆனால் வளைகுடா நிறுவனங்களின் விலையோடு ஒப்பிட்ட பிறகு. காசு செலவில்லாத வசதி வேறொன்று உண்டு: சக்கர நாற்காலி உதவி. தேவைப்படும் பயணிக்கு அதைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது சட்டம். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஏஏஆர்பியில் சேர்ந்த பிறகு தபால் பெட்டி நிறையும், அதற்குத் தயாராக இருங்கள். அதில் பாதி, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குத் துணையாக எடுக்கும் காப்பீட்டின் விளம்பரங்கள். புதிதாக வந்த கிரீன் கார்டுக்காரர்கள், இங்கே வேலைசெய்த கணக்கு இல்லாதவர்கள், 65 வயதானாலும் ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகுதான் மெடிகேருக்கே விண்ணப்பிக்க முடியும். அதுவரை அந்தக் கடிதங்கள் எவ்வளவு அழகாக அச்சடித்து வந்தாலும் உங்களுக்கானவை அல்ல. உறுப்பினர் எண்ணையோ வங்கி விவரத்தையோ தொலைபேசியில் கேட்பவர்களிடம் சொல்லக் கூடாது என்று பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல்லச் சொன்னால் அது சந்தேகமே இல்லாமல் மோசடி. தானாகப் புதுப்பிக்கும் தேதியைப் பிள்ளைகள் தங்கள் போனில் குறித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அப்பா அம்மா அந்தச் சமயத்தில் ஊரில் இருந்தாலும் கிரெடிட் கார்டில் பணம் போய்க்கொண்டுதான் இருக்கும்.