சரிவு இரட்டித்தால் வேகம் இரட்டிக்குமா? கோலிகுண்டை உருட்டிப் பாருங்கள்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும்போது மகள் கேட்டாள்: "சரிவு ரெண்டு மடங்கானா வேகமும் ரெண்டு மடங்காகுமாப்பா?" சேலம் வந்ததும் மொட்டை மாடியிலேயே செய்து பார்த்தோம். அருமையான பாடம், நீங்களும் செய்யுங்கள்.

நீளவாக்கில் பாதியாக அறுத்த பி.வி.சி. பைப் 2 மீட்டர் போதும். ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்துங்கள். நடுவிலும் முட்டுக் கொடுங்கள், தொய்ந்தால் கணக்கு கெட்டுவிடும். கோலிகுண்டை விரலால் விடாதீர்கள். நம்மை அறியாமல் லேசாகத் தள்ளிவிடுவோம். ஸ்கேலைக் குறுக்கே வைத்துத் தடுத்து, சட்டென்று முன்பக்கமாக எடுங்கள். கீழ் முனையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தால் 'டங்' என்று முடிவு துல்லியமாகக் கேட்கும். ஸ்டாப்வாட்ச் வேண்டாம், கை எப்போதும் பிந்தும். செல்போனில் வீடியோ எடுத்து, ஸ்கேல் விலகியதிலிருந்து சத்தம் வரை நேரம் பாருங்கள். ஐந்து முறை உருட்டி சராசரி எடுங்கள்.

தூரத்தை (மீட்டரில்) இரண்டால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முடுக்கம், அதாவது ஒவ்வொரு நொடியிலும் வேகம் கூடும் அளவு. 10 செ.மீ. உயரத்துக்கு 3.4 நொடியை ஒட்டி வரும். முடுக்கம் சுமார் 0.35 மீ/நொடி². 20 செ.மீ. என்றால் 2.4 நொடி, முடுக்கம் 0.7.

மகளின் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. இரட்டிப்பது முடுக்கம். ஆனால் உருளும் நேரம் குறைந்துவிடுவதால், அடியில் வந்து சேரும் வேகமோ 1.4 மடங்குதான் ஆகிறது.

பெரிய குண்டு, சிறிய குண்டு இரண்டையும் உருட்டுங்கள். நேரம் அநேகமாக மாறாது. பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள், அவர்கள் கையாலேயே உருட்டவிடுங்கள்.