பேட்டரி டெர்மினலை மாற்றி, ஃபாக் லேம்புக்கும் ஹாரனுக்கும் தனி வயர் இழுப்பது எப்படி?

ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற பஸ்ஸின் பின்விளக்குகூடத் தெரியாது. அதற்காகத்தான் என் பழைய பெட்ரோல் காருக்கு இரண்டு 55 வாட் ஃபாக் லேம்ப் போட்டேன். கூடவே இரட்டை ஹாரன், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர். மாட்டிக் கொடுத்த கடையில் பேட்டரியின் முனையைக் கவ்விப் பிடிக்கும் புது டெர்மினல் ஒன்றைப் போட்டு, எல்லா வயரையும் அதன் போல்ட்டிலேயே சுற்றி இறுக்கிவிட்டார்கள்.

மூன்றாவது மாதம். டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போய்விட்டது என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் அண்ணன் பானெட்டைத் திறக்கச் சொல்லி, டெர்மினலைக் கையால் பிடித்து ஒரு திருகு திருகினார். வண்டி உடனே கிளம்பியது. "பேட்டரி நல்லாத்தான் இருக்கு தம்பி, டெர்மினல்தான் லூசு" என்றார்.

அன்றைக்குப் பிறகு மொத்த வேலையையும் நானே பிரித்து மறுபடி செய்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் ஷோரூமில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் கணக்கு

வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர். இரண்டு 55 வாட் விளக்கு சேர்ந்து 110 வாட், அதாவது 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். ஹாரனுக்கும் கம்ப்ரஸருக்கும் அவற்றின் மேலேயே ஆம்பியரோ வாட்டோ அச்சிட்டிருக்கும், பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வயர். 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயருக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 18 மில்லி ஓம் தடை. அதில் 4 மீட்டர் இழுத்து 10 ஆம்பியர் ஓட்டினால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும், விளக்கு மங்கும். அதே தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். நான் விளக்குக்கும் ஹாரனுக்கும் 2.5, கம்ப்ரஸருக்கு 4, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பாக்ஸ் வரை வரும் மெயின் வயருக்கு 6 போட்டேன்.

வீட்டு வயரிங்குக்கு வாங்கிய வயர் மிச்சம் இருக்கிறதே என்று போடாதீர்கள். எஞ்சின் பக்கத்துச் சூட்டுக்கும் ஆயிலுக்கும் அதன் மேலுறை செய்யப்பட்டதில்லை. ஆட்டோ வயர் என்றே கேட்டு வாங்குங்கள். வாங்கும்போது ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு, தடை அதிகம். எனக்கு அது வேண்டவே வேண்டாம். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலேயே எல்லாம் கிடைக்கும். மல்டிமீட்டர் மட்டும் ரிச்சி தெருவில் வாங்கலாம்.

கழற்றுவது

காப்பு, மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சாவியை எடுத்துவிட்டு, முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது நேர் எதிர்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசி. காரின் உடம்பு முழுக்க நெகட்டிவ்தான். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டைத் திருகுகிற ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். ஸ்பேனர் பழுக்கும், தீப்பொறி பறக்கும், பேட்டரி மேலே ஹைட்ரஜன் வாயுவும் இருக்கலாம். இந்த வரிசையை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள்.

போஸ்ட்டில், அதாவது பேட்டரியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஈய முனையில், வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் நுரைத்துப் போய்விடும். மூடித் துளைக்குள் அந்தத் தண்ணீர் இறங்கக்கூடாது. காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து ஈயம் பளிச்சென்று தெரியும்படி செய்யுங்கள்.

டெர்மினல் அளவு: நான் மாட்டிக்கொண்ட இடம்

பேட்டரி போஸ்ட்டில் இரண்டு வகை உண்டு. பெரிய போஸ்ட்டில் அடிப்பக்கம் பாசிட்டிவ் 19.5 மி.மீ., நெகட்டிவ் 17.9 மி.மீ. ஜப்பான் முறையில் வரும் சின்ன போஸ்ட்டில் 14.7, 13 மி.மீ. நம் ஊரில் ஓடும் பல சின்னக் கார்களில் இந்தச் சின்ன போஸ்ட்தான். இரண்டிலும் பாசிட்டிவ் தடிமன், நெகட்டிவ் மெலிசு. மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படி.

என் காரில் சின்ன போஸ்ட். மாட்டியிருந்ததோ பெரிய போஸ்ட்டுக்கான டெர்மினல். போல்ட்டை முழுக்க இறுக்கினால் டெர்மினலின் பிடிப்பு வளையமான கிளாம்ப்பின் இரண்டு காதும் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும், அதற்கு மேல் இறுகாது. இடைவெளியை நிரப்ப உள்ளே ஒரு தகரத் துண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் இறுக்கமாகவே தெரியும். நானும் பலமுறை போல்ட்டை இறுக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று விட்டிருக்கிறேன். இறுக்கமாக இருந்தது போல்ட்; போஸ்ட்டைப் பிடிக்க வேண்டிய கிளாம்ப் பிடிக்கவே இல்லை.

இதனால் என்ன ஆகும்? அந்த இணைப்பில் தடை ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு என்று வையுங்கள். 10 ஆம்பியர் விளக்குக்கு 0.1 வோல்ட்தான் இழப்பு, யாருக்கும் தெரியாது. செல்ஃப் எடுக்கும்போது 120 ஆம்பியர் ஓடினால் அதே இடத்தில் 1.2 வோல்ட் போகிறது. 144 வாட் சூடு, ஒரு விரல்கடை இடத்தில்! ஈயம் இளகுகிறது, இன்னும் தளர்கிறது, தடை இன்னும் ஏறுகிறது. விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், வண்டி மட்டும் கிளம்பாது. பலர் இதற்குப் போய்ப் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

ஆகவே டெர்மினல் வாங்கும் முன் போஸ்ட்டை அளந்து பாருங்கள். மாட்டி இறுக்கிய பிறகு காதுகளுக்கு நடுவே கொஞ்சமாவது இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும், கையால் திருகினால் அசையவே கூடாது. அதே சமயம் ஈயம் மெத்தென்றது, நீளமான ஸ்பேனரால் முழு பலத்தையும் போட வேண்டாம். வாஸ்லின் பூசுவது இறுக்கிய பிறகு, மேலே மட்டும்.

எந்த வகை டெர்மினல்? பித்தளையில் செய்து, பக்கவாட்டில் தனித்தனி போல்ட் உள்ளதுதான் என் தேர்வு. ஒரு போல்ட்டுக்கு ஒரு லக் (வயர் நுனியில் அடிக்கும் உலோக வளையம்), அதிகபட்சம் இரண்டு. நெம்புகோல் மாதிரி மடக்கி மாட்டும் வகை வசதிதான், ஆனால் நம் சாலைக் குலுக்கலுக்கு அதை நான் நம்பமாட்டேன்.

ஃபியூஸ், ரிலே, எர்த்

மெயின் வயரில் முதல் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்கு இல்லை, வயரைக் காப்பாற்றுவதற்கு. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் வயர் உரசிப் பாடியில் பட்டால் அதைத் தடுக்க ஒன்றுமே கிடையாது, வயர் எரிந்தே தீரும். மெயினுக்கு 40 ஆம்பியர், அங்கிருந்து பாக்ஸில் விளக்குக்கு நீலம் 15, ஹாரனுக்கும் நீலம் 15, கம்ப்ரஸருக்கு மஞ்சள் 20. ஃபியூஸ் போனால் அடுத்த பெரிய அளவைப் போடாமல் காரணத்தைத் தேடுங்கள்.

ரிலே என்பது சின்ன கரண்ட்டைக் கொண்டு பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். அதில் நான்கு கால், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். 30-க்கு ஃபியூஸிலிருந்து வரும் வயர், 87-இலிருந்து விளக்குக்கு. 86-க்கு உள்ளே இருக்கும் சுவிட்ச், 85-க்கு எர்த். சுவிட்ச்சுக்கான கரண்ட்டைச் சாவி போட்டால் மட்டும் வரும் லைனிலிருந்து எடுங்கள். விளக்கை அணைக்க மறந்து இறங்கினாலும் பேட்டரி டவுன் ஆகாது.

எர்த் வயரும் பாசிட்டிவ் வயர் அளவுக்கே தடிமனாக இருக்கட்டும். பாடியில் போல்ட் போடும் இடத்தில் பெயின்ட்டை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, லக்கை இறுக்கி, மேலே பெயின்ட்டோ கிரீஸோ பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் துரு பிடிக்கும்.

லக் அடிக்கும்போது சுத்தியலால் தட்டி நசுக்காதீர்கள். கிரிம்பிங் டூல் இல்லையென்றால், வெட்டிய வயரை எலக்ட்ரிக் கடைக்குக் கொண்டுபோனால் அடித்துக் கொடுப்பார்கள். அடித்த பிறகு பலமாக இழுத்துப் பாருங்கள், பிறகு சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஸ்லீவ். ஈயப்பற்று வைத்தால் இன்னும் உறுதி என்று சிலர் சொல்வார்கள். பற்று வயர் இழைகளுக்குள் ஏறி அந்த இடம் விறைத்துவிடும், அதிர்வில் அங்கேயே ஒடியும்.

எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் வயர் தகரத்தின் விளிம்பில் உரசாமல், துளையில் பொருத்தும் ரப்பர் வளையமான குரோமெட் வழியாகவே வரட்டும்.

சோதிப்பது

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி போஸ்ட்டின் ஈயத்திலேயே, மற்றது அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில். ஒருவரை உட்கார்ந்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு சரியில்லை, பிரித்து மறுபடி செய்யுங்கள். என் பழைய டெர்மினலில் 1 வோல்ட்டைத் தாண்டியது, இப்போது 0.02. இரண்டு போஸ்ட்டிலும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை வந்தால் சார்ஜிங் சரி.

பின்சேர்க்கை 1: பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு கண்ணாடி ஒரே தொடுதலில் ஏறவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பழுது இல்லை. பல வண்டிகளில் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, பட்டனைச் சில வினாடி பிடித்திருந்தால் சரியாகிவிடும். கடிகாரமும் ரேடியோவும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை 2: சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்து கிளம்பும் புதிய வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க. நெகட்டிவ் டெர்மினலோடு ஒரு சின்ன சென்சார் ஒட்டியிருந்தால் அந்த டெர்மினலை மாற்றாதீர்கள். கூடுதல் எர்த் வயரையும் நெகட்டிவ் போஸ்ட்டில் நேரடியாகக் கட்ட வேண்டாம். கட்டினால் அந்தக் கரண்ட் சென்சாரைத் தாண்டிப் போய்விடும், வண்டி பேட்டரியின் நிலையைத் தப்பாகக் கணக்குப் போடும். சென்சாரின் வயர் பாடியில் சேருகிற போல்ட்டிலோ, அதன் பக்கத்தில் பாடியிலோ எர்த் கொடுங்கள்.