திருகோணமலைக்கு வரும் பூமரப் பைத்தியங்களுக்கு

வெளிநாட்டிலிருந்து திருகோணமலைக்கு வருகிற சொந்தக்காரரில் வீட்டுக்கு ஒருவராவது பூமரப் பைத்தியம் பிடித்தவராக இருப்பார். அவருக்கு முதலில் சொல்லவேண்டியது இதுதான்: நீங்கள் வருகிற காலம் வேறு, இங்கே கன்று நடுகிற காலம் வேறு. பிள்ளைகளின் விடுமுறையைப் பார்த்து ஜூலையிலும் ஓகஸ்டிலும்தான் பெரும்பாலும் வருகிறீர்கள். அப்போது கடல் அடங்கியிருக்கும், புறாமலைக்குப் படகு ஓடும், நிலாவெளிக் கரை நிறைந்திருக்கும். மண் மட்டும் பொரிந்து கிடக்கும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் போன வெறும் சூட்டுக் காற்றாக எங்களிடம் வந்து சேர்கிறது. கச்சான் என்று நாங்கள் சொல்கிற அந்தக் காற்றில் காலையில் நட்ட கன்று மாலைக்குள் தலை தொங்கிவிடும்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர் திருகோணமலையில் தோட்டம் செய்தவர் அல்ல. எங்கள் மழை வாடைக்காற்றோடு ஐப்பசியில் இறங்கி மார்கழி, தை வரைக்கும் நிற்கும். ஆகவே ஆடி ஆவணியில் வருகிறவர்கள் கன்றைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள், விலை பேசுங்கள், முற்பணம் கொடுங்கள், குழியையும் வெட்டிவைத்துவிட்டுப் போங்கள். நடுகிற வேலையை ஐப்பசியில் முதல் இரண்டு மூன்று மழை விழுந்தபிறகு வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் கையாலேயே நடவேண்டும் என்ற ஆசை இருந்தால் டிசம்பரில் வாருங்கள். கடல் குளிக்க முடியாது, சிலநாள் வெளியே இறங்கவும் முடியாது. ஆனால் மண்வெட்டி மண்ணுக்குள் தானாக இறங்கும்.

சரி, என்ன நடுவது? அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. நீங்கள் விமானம் ஏறியபிறகு யார் தண்ணீர் விடப்போகிறார்கள்? பூட்டிக் கிடக்கிற வளவுக்குள் ரோசாவும் அந்தூரியமும் வாங்கி அடுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எழுபது வயது அம்மா கிணற்றில் வாளியால் அள்ளி ஊற்றவேண்டிய நிலை என்றாலும் அப்படித்தான். அந்த வளவுகளுக்கு அலரி, தேமா, செவ்வரத்தை, கடதாசிப்பூ, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை போதும். முதல் வருடம் வேர் பிடிக்கும்வரைக்கும் கவனித்தால் பிறகு அவை தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். சாடியில் வைக்க ஆசைப்பட்டால் அடீனியம் வாங்குங்கள். பாலைவன ரோசா என்று விற்பார்கள். தடித்த அடியில் தண்ணீரைச் சேமித்துவைத்துக்கொண்டு, கச்சான் காலத்தில்தான் அது இன்னும் உற்சாகமாகப் பூக்கும்.

மண்ணும் இடத்துக்கு இடம் மாறும். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடல்மணல். விட்ட தண்ணீர் நின்று பார்க்காமல் போய்விடும். உவர்மலையில் கல். தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கத்து வயல்காணிகளில் நல்ல மண் இருக்கிறது, ஆனால் மாரியில் தண்ணீர் தேங்கும். கடற்கரை வளவுகளில் கோடையில் கிணறு உவர்க்கத் தொடங்கும். வந்தவுடனே கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். கரித்தால் எலுமிச்சை, தோடை இனங்களை மறந்துவிடுங்கள். அவற்றுக்கு உப்பு ஆகாது. மணல் வளவில் மாவோ மாதுளையோ வைப்பதென்றால் மூன்றடி ஆழத்தில் குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டைகளை உட்புறம் மேலே பார்க்க அடுக்கி, மேலே மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்த மண்ணைப் போடச் சொல்லுங்கள். ஊறிய மட்டை கோடையில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் கொடுக்கும். இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. தென்னை வைக்கிற எல்லாரும் செய்கிற வேலைதான்.

இனி நாற்றுமேடை. பெரிய பெயர்ப்பலகை வைத்த கடையைத் தேடி அலையவேண்டாம். என் விருப்பம் எப்போதும் வீட்டோடு சேர்ந்த சின்ன நாற்றுமேடைதான். முன்வளவில் பச்சை வலை கட்டி, பொலித்தீன் பைகளில் கன்று அடுக்கி, வீட்டுக்கார அம்மாவே விற்பார். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள், அடுத்த வருடம் பொருளாதாரமும் விழுந்தது. வீட்டுத்தோட்டம் அந்த நேரத்தில் பொழுதுபோக்காக இல்லாமல் சாப்பாட்டு விஷயமாக மாறியது. கன்று வளர்த்து நாலு காசு பார்க்கப் பெண்கள் பலர் பழகியதும் அப்போதுதான். அவர்களிடம் வாங்கும் கன்று இந்த வெயிலிலேயே முளைத்தது. வீதியோரக் கடைகளின் பளபளப்பான கன்றுகளில் பல மலைநாட்டுக் குளிரில், நிழலில் வளர்ந்து லொறியில் வந்தவை. கடையில் நிற்கும்வரைக்கும்தான் அழகு.

அதனால் விலையைக் கேட்கமுதல், "அக்கா, இது இங்க வளர்ந்ததோ, கண்டிப் பக்கத்தால வந்ததோ?" என்று கேளுங்கள். பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள். "தம்பி, நீங்க நிலாவெளி எண்டால் இதைக் கொண்டுபோகாதேங்கோ, கடற்காத்துக்கு இலை கருகிப்போடும்" என்று விற்கிற ஆளே தடுக்கிற இடம் கிடைத்தால் அந்த இடத்தை விடாதீர்கள். பையின் அடியைத் தூக்கிப் பாருங்கள். வேர் பையைக் கிழித்துக்கொண்டு நிலத்துக்குள் போயிருந்தால் தூக்கும்போது அறுந்துவிடும். அந்தக் கன்று வேண்டாம். பூத்து நிற்பதை விட மொட்டும் இல்லாமல் இலை தடித்து நிற்கிற கன்றே நல்லது. வாங்கியவுடன் வெயிலில் நடாமல் ஒரு கிழமையாவது மரநிழலில் வைத்துப் பழக்குங்கள்.

ஒட்டுமாங்கன்றில் மட்டும் கொஞ்சம் கூடக் கவனம் தேவை. ஒட்டிய இடம் தெளிவாகத் தெரியவேண்டும், அதற்குக் கீழே துளிர் விட்டிருக்கக்கூடாது. கீழ்த்துளிர் வளர்ந்தால் உங்களுக்கு வருவது அடிக்கட்டையின் மாங்காய், கேட்டு வாங்கிய இனம் அல்ல. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் எல்லாருக்கும் கறுத்தக்கொழும்பான்தான் வேண்டும். தவறில்லை, உலர்வலயத்துக்கு அது நன்றாக ஒத்துவரும். ஆனால் இனத்தை நம்பி வாங்கவேண்டிய கன்றை விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையத்திலோ, கமநல சேவை நிலையத்தில் விசாரித்தோ வாங்குவது நல்லது. திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு உள்ளூரிலிருந்து அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். காட்டுமரக் கன்று வேண்டுமென்றால் வனத் திணைக்களத்தில் கேளுங்கள்.

எனக்கு இருக்கிற பைத்தியம் வேறுவகை. திருஞானசம்பந்தர் கோணமாமலைப் பதிகத்தில் ஒரு பாட்டின் பின்பாதியில் கோணேசர் கோயிலைச் சுற்றியிருந்த சோலையை வரிசைப்படுத்துகிறார்: மௌவல், மாதவி, புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம், குருந்து, முல்லை. ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு. சம்பந்தர் கடல் கடந்து வராமலே பாடியவர் என்பார்கள், ஆகவே மரக்கணக்கு எடுத்து எழுதினார் என்று நான் வாதாடமாட்டேன். ஆனாலும் அந்த எட்டையும் ஒரு வளவில் சேர்த்துப் பார்க்கிற ஆசை விடுவதில்லை. உங்கள் விடுமுறைக்கும் இதைவிட நல்ல தேடல் இருக்குமா என்று தெரியவில்லை. முல்லையும் செண்பகமும் எங்கேயும் கிடைக்கும். புன்னை கடற்கரை மரம், உப்புக்காற்றை ஒரு பொருட்டாக எடுக்காது. விதை விழுந்த இடத்திலேயே முளைக்கும். மாதவி என்பது குருக்கத்திக் கொடி, பந்தல் போட்டால் கூரையையே மூடும், சின்ன வளவுக்கு வேண்டாம். குருந்து உலர்வலயக் காட்டுக்குரிய சிறுமரம். எலுமிச்சைக் குடும்பம், முள்ளும் உண்டு. அதை வைத்தால் எலுமிச்சை இலை தின்னும் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட வரும். வேங்கைக்குப் பெரிய இடம் வேண்டும், பொறுமையும் வேண்டும். செருந்தியைத்தான் தேடவேண்டியிருக்கும், மஞ்சள் பூ உதிர்ந்தபிறகு சிவந்த இதழ்களுக்கு நடுவே கறுத்த காய் நிற்பதை வைத்து அடையாளம் பிடிக்கலாம். காட்டில் கண்டால் பிடுங்கவேண்டாம், படம் எடுத்து நாற்றுமேடைக்காரரிடம் காட்டுங்கள். உலர்வலயக் காடுகளில் மரக்கிளையைப் பிடித்து வளரும் வண்டா ஓர்க்கிட்டுக்கும் இதே சொல்தான்.

கோயிலுக்குப் போகும்போது பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்களைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. கோட்டைக்குக் கிட்டே வளவு வைத்திருப்பவர்களுக்கு அது தலையிடி. மான் ரோசா மொட்டையும் செவ்வரத்தைத் துளிரையும் தேடித் தின்னும். அலரியைத் தொடாது, அதன் பால் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அலரியை வேலிக்கு வெளியே வையுங்கள். குரங்குக்கு மருந்து இல்லை.

கொழும்பிலிருந்து வரும் வழியையும் வீணாக்கவேண்டாம். தம்புள்ளையில் கண்டலம வீதியில் பொப்ஹாம் மரத்தோட்டம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆங்கிலேயத் தேயிலைத் துரை சாம் பொப்ஹாம் 1963இல் தொடங்கியது. அவர் கன்று வாங்கி நட்டதை விடப் பற்றையை வெட்டி ஒதுக்கியதுதான் அதிகம். பற்றைக்குள் மூச்சுத்திணறிக்கொண்டு நின்ற பாலை, வீரை, முதிரை, கருங்காலிக் கன்றுகள் வெளிச்சம் கிடைத்ததும் தாமாக எழும்பின. முப்பது வருடம் பூட்டிக்கிடந்த வளவைத் துப்புரவாக்க வருகிறவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டிய இடம் இது. வந்தவுடனே புல்டோசர் பிடித்து எல்லாவற்றையும் மொட்டையடிக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. அந்தப் பற்றைக்குள் வேம்பும் பாலையும் வளர்ந்து நிற்பது தெரியாமலே போகிறது. துப்புரவாக்க முதல் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு ஒருதரம் உள்ளே நடந்து, நிற்கவேண்டிய மரங்களுக்குத் துணி கட்டிவிடுங்கள்.

கண்டி வழியால் வந்தால் பேராதனை. 1821இல் தொடங்கிய தோட்டம், 147 ஏக்கர், அரைநாளாவது வேண்டும். அங்கே கன்றும் விற்கிறார்கள், பக்கத்துக் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்திலும் வாங்கலாம். ஆனால் அந்தத் தோட்டத்தை வளைத்து ஓடுகிற மகாவலிதான் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது என்றாலும், அங்கே நிற்கிற கன்றெல்லாம் இங்கே நிற்காது. பார்க்கப் போங்கள், வாங்குவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பூக்கண்காட்சி என்று கேட்டால் உள்ளூரில் பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம். கோயில் திருவிழாக் காலத்தில் வீதியோரம் கன்று விற்க வருவார்கள். விவசாயத் திணைக்களக்காரர் கண்காட்சி வைக்கும் நாட்களைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். கொஞ்சம் தூரம் போகத் தயார் என்றால் யாழ்ப்பாணம் நல்லூரில், சங்கிலியன் பூங்காவில், கார்த்திகை மாதத்தில் நடக்கும் 'கார்த்திகை வாசம்' மலர்க் கண்காட்சிக்குப் போகலாம். காலமும் பொருந்தும்: அங்கே வாங்கிய கன்றை இங்கே மழை ஈரத்திலேயே நட்டுவிடலாம்.

மற்றபடி இங்கே செடி கைமாறுவது வேலிக்கு மேலால்தான். பின்னேரம் நடந்து போகும்போது ஒரு வளவில் அடுக்குச் செவ்வரத்தை கண்ணில் பட்டால் படலையில் நின்று கூப்பிட்டு, "மாமி, ஒரு தடி தருவீங்களோ?" என்று கேளுங்கள். காசு நீட்டாதீர்கள், கோபிப்பார்கள். அடுத்தநாள் உங்கள் வீட்டில் இருக்கிற வேறொரு கன்றையோ, இரண்டு மாங்காயையோ கொண்டுபோய்க் கொடுங்கள். கேட்காமல் முறித்தால்தான் தடி தழைக்கும் என்று ஒரு கதை உண்டு. அதை ஊர்க்காரர் செய்தால் பகிடி, லண்டனால் வந்தவர் செய்தால் கதை வேறு.

மாரியில் நடுகிறவர்களுக்கு ஒரு சொல்: 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. கார்த்திகையும் மார்கழியும் அப்படியான மாதங்கள். முருங்கை, பப்பாசி, புதிய ஒட்டுமா எல்லாவற்றுக்கும் நட்ட அன்றே முட்டுக்கொடுங்கள். கயிற்றை இறுக்காமல் எட்டுப்போலச் சுற்றிக் கட்டுங்கள்.

கடைசியாகப் பயணப்பெட்டி. வெளிநாட்டு விதைப் பைக்கற்றுகளை இங்கே கொண்டுவருவது சின்ன விஷயமாகத் தெரியும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விதைக்கும் கன்றுக்கும் இறக்குமதி அனுமதி வேண்டும். திரும்பிப் போகும்போதும் அதேதான். வேரில் மண் ஒட்டிய கன்றைப் பெரும்பாலான நாடுகள் உள்ளே விடாது. மண் இல்லாததற்கும் தாவர சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். அதைக் கட்டுநாயக்காவில் உள்ள தாவரத் தொற்றுகாப்புச் சேவையில் விசாரிக்கலாம். நீங்கள் போகிற நாட்டின் அனுமதி அதற்கும் மேலே. எல்லாரும் ஆசைப்படுகிற கறிவேப்பிலைக் கன்றுதான் இதில் மோசமானது. தோடை, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைக் காவுகிற சிறுபூச்சி கறிவேப்பிலையிலும் வாழும், ஆகவே பல நாடுகள் இலையைக்கூட உள்ளே விடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பரில் இருந்து அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியான் தவிர்ந்த பழங்களுக்கும் சான்றிதழ் வேண்டும். மாம்பழப் பெட்டியோடு பாரிசில் இறங்குகிறவர்கள் கவனிக்க. பினாட்டு, ஒடியல், வேப்பம்பூ வடகம் போன்றவற்றை நன்றாகக் காயவைத்து உறையிட்டுக் கொண்டுபோங்கள். அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் அதையும் வருகைப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டியதைப் பறித்தால் பொருளோடு போகும், மறைத்தது பிடிபட்டால் தண்டம் வரும்.