போக்கர் மேசையில் உட்காரும் முன்: சீட்டுப் போட்டவள் சொல்லும் முறை

கோத்தகிரியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் கோவாவுக்குப் போகும் இளைஞர்கள் கிளம்புவதற்கு முந்தைய வாரம் என்னைத் தேடி வருகிறார்கள். பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல் ஒன்றில் போக்கர் மேசைக்கு நான் பல வருடங்கள் சீட்டுப் போட்டவள் என்பது ஊருக்குத் தெரியும். "எப்படி ஜெயிப்பது அக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதை நான் சொல்லித் தருவதில்லை. மேசையில் எப்படி நடந்துகொள்வது என்பதைச் சொல்லித் தருகிறேன். அது தெரியாமல் போனால், நல்ல சீட்டு வந்த நாளிலும் அவமானப்பட்டுத் திரும்புவீர்கள்.

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. என் வீட்டில் பழைய ராணுவக் கம்பளி விரித்த வட்ட மேசையில் நாங்கள் பழகுவது பணத்துக்குப் பதிலாக வைக்கும் வெறும் பிளாஸ்டிக் வில்லைகளை, அதாவது சிப்களை, வைத்துத்தான். ஒரு ரூபாய்கூடக் கை மாறாது. கோவாவில் 1976ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தைப் பின்னால் திருத்தி அனுமதி கொடுத்தார்கள். அங்கே உள்ளே போக வயது 21 நிறைந்திருக்க வேண்டும், கையில் அடையாள அட்டை வேண்டும். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் போகும் ஆண்களைப் பல இடங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் போக்கரைப் போனில் கற்றவர்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டதால், அந்தப் பழக்கத்தோடு நேரடி மேசையைத் தேடுகிறார்கள். ஆட்டம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆளுக்கு இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. எந்த வரிசை எதை வெல்லும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் போனில் உங்கள் முறை வரும்வரை பொத்தான் வேலை செய்யாது. எவ்வளவு பந்தயம் என்பதை அதுவே கணக்கிட்டுச் சொல்லும். உங்கள் சீட்டை அடுத்தவர் எட்டிப்பார்க்க முடியாது. இதையெல்லாம் இயந்திரம் செய்துகொண்டிருந்தது என்பதே உங்களுக்குத் தெரியாது. நேரடி மேசையில் இத்தனையையும் நீங்கள்தான் செய்ய வேண்டும். மேசை மரியாதை என்று நான் சொல்வதில் பாதி இதுதான்.

முறை வரும்வரை எதுவும் செய்யாதீர்கள். சீட்டு பிடிக்கவில்லை என்றால் உடனே தூக்கிப் போட்டுவிடக் கை துடிக்கும். அடக்குங்கள். ஆட்டத்தில் மூன்று பேர் இருக்கிறீர்கள், நீங்கள் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் செக் சொல்லிவிட்டார், அதாவது பந்தயம் கட்டாமல் முறையை அடுத்தவருக்கு விட்டுவிட்டார். நடுவில் இருப்பவர் யோசிக்கிறார்: பந்தயம் கட்டினால் இரண்டு பேரைத் தாண்ட வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் சீட்டை எறியும் பாவனையில் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டிருந்தால், தாண்ட வேண்டியது ஒருவரைத்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் துணிந்து பெரிய தொகை கட்டுகிறார். முதல் ஆள் பயந்து ஃபோல்ட் செய்கிறார், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகுகிறார். முதல் ஆளின் பணத்தை உங்கள் அவசரம் எடுத்துக் கொடுத்துவிட்டது. நீங்கள் ஒரு பைசா கட்டாமலே ஒருவரை நஷ்டப்படுத்தியிருக்கிறீர்கள். சீட்டைப் போட்ட இடத்திலிருந்து இதை நான் எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். செய்தவருக்குத் தான் என்ன செய்தோம் என்பது கடைசிவரை தெரியாது.

முறை வந்ததும் வாயைத் திறந்து சொல்லுங்கள். செக், கால், ரெய்ஸ், ஃபோல்ட், ஆல் இன். இந்த ஐந்து சொற்கள் போதும். கால் என்றால் எதிராளி கட்டிய அளவையே வைப்பது, ரெய்ஸ் என்றால் அதை உயர்த்துவது, ஆல் இன் என்றால் முன்னால் உள்ள சிப் எல்லாவற்றையும் வைப்பது. உங்கள் முறையில் வாயால் சொன்னது உங்களைக் கட்டும். "கால்" என்று சொல்லிவிட்டால் பணத்தை வைத்தே ஆக வேண்டும். சொல்லாமல் கையால் மட்டும் செய்தால் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வீர்கள். எதிராளி 500 கட்டியிருக்கிறார். நீங்கள் உயர்த்தும் எண்ணத்தோடு 5,000 மதிப்புள்ள ஒற்றைச் சிப்பை மௌனமாக வைக்கிறீர்கள். விதிப்படி அது வெறும் கால். மீதி 4,500 உங்களுக்கே திரும்பி வரும். இன்னொன்று: 500க்கு ஒரு சிப்பை வைத்துவிட்டு, எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி கையைப் பின்னால் கொண்டுபோய் இன்னும் இரண்டைக் கொண்டுவருவது. இதற்கு ஸ்ட்ரிங் பெட் என்று பெயர். எல்லா மேசையிலும் தடை. முதலில் எடுத்துவைத்தது மட்டுமே கணக்கில் வரும். "ரெய்ஸ், இரண்டாயிரம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சிப்பை எத்தனை தடவையில் நகர்த்தினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. நாம் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிச் "சரி" என்கிறோம். சிக்கிமிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வந்து மேசையில் சீட்டுப் போடும் டீலருக்கு அது சரியா, வேண்டாமா, யோசிக்கிறேனா என்பது புரியாது. "ம்" என்ற முனகலும் வேண்டாம். மேசையை விரலால் தட்டினால் செக் என்று பொருள். யோசிக்கும்போது மேசையில் தாளம் போடும் பழக்கம் உள்ளவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அருவங்காட்டிலிருந்து வந்த தம்பி ஒருவன் என் வீட்டு மேசையில் ஒரு மாலை முழுவதும் தன்னையறியாமல் செக் சொல்லிக்கொண்டே இருந்தான். கோவாவுக்குப் போகுமுன் அந்த விரல்களை அடக்கிக் காட்டினான்.

இனிச் சொல்லப்போவதுதான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். ஒரே ஊரிலிருந்து நான்கு நண்பர்கள் போகிறீர்கள்; ஒரே மேசையில் உட்கார ஆசைப்படுகிறீர்கள். ஆட்டம் நடக்கும்போது தமிழில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிறீர்கள். இரவுச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசியிருப்பீர்கள். ஆனால் எதிரே இருக்கும் குஜராத்தியருக்கும் டெல்லிக்காரருக்கும் அது உங்கள் சீட்டைப் பற்றிய பேச்சு. அவர்கள் சந்தேகப்படுவதில் தவறே இல்லை. சீட்டு கையில் இருக்கும்வரை அந்த மேசைக்கு வழக்கமான மொழியில் மட்டும் பேசுங்கள். நடக்கும் ஆட்டத்தைப் பற்றி எந்த மொழியிலும் பேசாதீர்கள். நீங்கள் ஃபோல்ட் செய்துவிட்டாலும், நடுவில் ராஜா விழுந்ததும் "அடடா, என்னிடம் ராஜா இருந்ததே" என்று தலையில் அடித்துக்கொள்வது இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தகவல் கொடுப்பது. ஒரு கைக்கு, அதாவது ஒருவரிடம் உள்ள சீட்டுக்கு, ஒரு மூளை. பக்கத்தில் நின்று யோசனை சொல்பவருக்கு இடமில்லை.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. மற்றவர்களிடம் கறாராக ஆடிவிட்டு, நண்பனோடு மட்டும் மிஞ்சும்போது "விடு, நமக்குள் எதற்கு" என்று இருவரும் கடைசிவரை செக், செக் என்று போவது. முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை, வெறும் நட்பு என்று சொல்வீர்கள். அது கூட்டுச் சதிதான். மேசையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பணத்தைத் தனியாக வைத்து ஆடுகிறார். இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை எதிர்ப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. நண்பனிடம் இரக்கம் காட்டாமல் இருக்க முடியாது என்றால் வேறு வேறு மேசையில் உட்காருங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. என் வீட்டு மேசையில் அண்ணன் தம்பியாக வருபவர்களைக்கூட இதற்காகவே எதிரும் புதிருமாக ஆட வைக்கிறேன்.

சீட்டைக் கையில் தூக்கிப் பார்க்காதீர்கள். ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இது கஷ்டம். பதின்மூன்று சீட்டையும் விசிறியாகப் பிடித்தே பழகியிருப்போம். இங்கே இரண்டு சீட்டும் மேசையிலேயே கிடக்க வேண்டும். இடது கையால் மறைத்து, வலது கட்டை விரலால் ஓரத்தை மட்டும் நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் கீழே விட்டுவிடுங்கள். மேலே ஒரு சிப்பை வையுங்கள். பாதுகாப்பில்லாமல் கிடக்கும் சீட்டை டீலர் தவறுதலாக வாரிக்கொண்டால், பெரும்பாலும் அந்தக் கை செத்தது செத்ததுதான். சீட்டைக் காப்பது அவரவர் பொறுப்பு. ஃபோல்ட் செய்யும்போது சீட்டு மேசையை உரசியபடி டீலர் பக்கம் போக வேண்டும். பறக்கவிட்டால் முகம் தெரிந்துவிடும். பெரிய மதிப்புள்ள சிப்களை அடுக்கின் முன்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். பின்னால் ஒளித்து வைப்பது எதிராளியை ஏமாற்றுவது. பந்தயத்தை உங்களுக்கு முன்னால் அடுக்கி வையுங்கள், நடுக் குவியலில் வீசாதீர்கள். வீசினால் எவ்வளவு போட்டீர்கள் என்று எண்ண முடியாது. ஆட்டத்தை நிறுத்திக் குவியலைக் கலைக்க வேண்டியிருக்கும்.

கடைசியில் சீட்டைக் காட்டும் நேரம் வருகிறது. கடைசிச் சுற்றில் பந்தயம் கட்டியவர் முதலில் காட்ட வேண்டும். பந்தயமே இல்லாமல் செக் ஆகியிருந்தால் டீலர் பட்டனுக்கு (சுற்றின் கடைசி ஆள் யார் என்று காட்டும் வில்லை) இடப்புறம் மிஞ்சியிருக்கும் முதல் ஆள். இரண்டு சீட்டையும் முகம் மேலாக மேசையில் வையுங்கள். "எனக்கு ஃப்ளஷ்" (ஐந்தும் ஒரே இனச் சீட்டு) என்று வாயால் சொல்வது செல்லாது. சீட்டு சொல்வதுதான் செல்லும். நடுக் குவியல் உங்கள் பக்கம் தள்ளப்படும்வரை சீட்டை விடாதீர்கள். அவசரத்தில் ஃபோல்ட் செய்த சீட்டுகள் கிடக்கும் கழிவுக் குவியலுக்குள் தள்ளிவிட்டு வென்ற பணத்தை இழந்தவர்கள் உண்டு.

உங்கள் கை வெல்லும் கை என்று தெரிந்துவிட்டால் தாமதிக்காமல் காட்டுங்கள். எதிராளி தன் சீட்டை விரித்து, வென்றுவிட்டோம் என்று முகம் மலர்ந்து கையை நீட்டுகிறார். அப்போது மெதுவாக ஒரு சீட்டு, பிறகு இன்னொரு சீட்டு என்று விரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்லோ ரோல் என்பார்கள். இதைத் தடுக்கும் விதி பல இடங்களில் இல்லை. ஆனாலும் போக்கர் மேசையில் இதைவிட இழிவான செயல் எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற ஒரு முதியவருக்கு இப்படி ஒருவர் செய்தபோது மேசை முழுவதும் பேச்சடங்கிப் போனது. பணம் போனதற்காக அவர் வருந்தவில்லை. தன் மகிழ்ச்சியைக் கேலி செய்துவிட்டார்களே என்று வருந்தினார். பணத்தை ஜெயியுங்கள், அதற்காகத்தான் வந்தீர்கள். மனிதரை நோகடிக்காதீர்கள்.

டீலரிடம் கோபப்படாதீர்கள். சீட்டு வந்தது டீலரால் அல்ல. பல கப்பல்களில் வடகிழக்கிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த இருபது வயதுப் பிள்ளைகள் இரவு முழுக்க மேசை மாறி மாறிச் சீட்டுப் போடுகிறார்கள், வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். தோற்றவர் சீட்டை முகத்தை நோக்கி விட்டெறிந்ததை நான் பட்டிருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த பெண்களும் பட்டிருக்கிறார்கள். டீலர் தவறு செய்தால், அது நடக்கும், கையை உயர்த்தி "நிறுத்துங்கள்" என்று அமைதியாகச் சொல்லி மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். சீட்டைக் கலைத்துவிட்ட பிறகு முறையிட்டுப் பயனில்லை. பெரிய குவியலை வென்றால் ஒரு சிறிய சிப்பை டீலருக்குத் தள்ளுவது வழக்கம். கட்டாயம் இல்லை.

மேசை மரியாதைக்கும் நம் மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஸ்நூக்கர் ஆட்டத்துக்கு 1882இல் ஊட்டி கிளப்பில்தான் விதி எழுதி ஒட்டினார்கள் என்பார்கள். அந்தப் பந்து மேசையிலும் எதிராளி குறி பார்க்கும்போது அவர் கண் எதிரே அசையக் கூடாது என்பது வழக்கம். யோசிப்பவருக்கு அமைதி கொடுப்பது என்பது எந்த மேசையிலும் ஒன்றுதான்.

அதற்காக நீங்களே மணிக்கணக்கில் யோசிக்கவும் கூடாது. பெரிய முடிவுக்கு நேரம் எடுங்கள், சின்ன முடிவை உடனே சொல்லுங்கள். ஒருவர் இழுத்தடித்தால், அவருக்கு நேரக் கெடு வைக்கும்படி மற்றவர் கேட்கலாம். டீலர் மேற்பார்வையாளரை அழைப்பார், நொடிகள் எண்ணப்படும். சீட்டு கையில் இருக்கும்போது போனைத் தொடாதீர்கள். எண்ணெய்க் கையோடு சீட்டைத் தொடாதீர்கள். தவறாக ஆடியவருக்குப் பாடம் நடத்தாதீர்கள், அவர் ஜெயித்திருந்தால் கட்டாயம் நடத்தாதீர்கள். போட்டி அல்லாத பண ஆட்டத்தில் ஜெயித்த சிப்பில் பாதியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மீதியோடு ஆடக் கூடாது. போவதென்றால் முழுவதையும் எடுத்துக்கொண்டு எழுந்து போகலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றி ஒன்று, அக்காவாகச் சொல்கிறேன். கேசினோ ஒவ்வொரு குவியலிலிருந்தும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே மேசையில் இருக்கும் எல்லோருடைய பணமும் சேர்ந்து மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும். போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையை மட்டும் எடுத்துப் போங்கள். மீதியும் ஏ.டி.எம். கார்டும் தங்கும் அறையில் இருக்கட்டும். கடன் கேட்பதும் கொடுப்பதும் மேசையில் வேண்டாம். மேசையில் கடன் கொடுத்துக் கசந்துபோன நட்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

போகுமுன் வீட்டில் ஒரு கம்பளியை விரித்து, நான்கு பேரை உட்கார வைத்து, சொற்களை உரக்கச் சொல்லிப் பழகுங்கள். ஒருவர் டீலராக மட்டும் இருக்கட்டும். இடம் மாற்றி எல்லோரும் ஒரு சுற்று சீட்டுப் போடுங்கள். டீலர் இடத்திலிருந்து பார்த்தால் யார் முறை, யார் எவ்வளவு வைத்தார் என்பதெல்லாம் எவ்வளவு சீக்கிரம் குழம்பும் என்பது தெரியும். அங்கே போனதும் அந்த இடத்தின் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறு வேறுபாடுகள் இருக்கும். பெரிய தொகை மேசையில் உட்காராமல், இருப்பதிலேயே சிறிய பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டும் கட்டாயப் பந்தயம்) உள்ள மேசையைக் கேளுங்கள். உட்கார்ந்ததும் டீலரிடம், "நேரடி மேசையில் இது எனக்கு முதல் தடவை" என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னவர்களுக்கு முறை வரும்போதெல்லாம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று நானே மெல்ல எடுத்துச் சொல்வேன். என்னோடு இருந்த மற்ற டீலர்களும் அப்படித்தான் செய்தார்கள்.