டிவிடியிலிருந்து லினக்ஸ் ஏறியும் டெஸ்க்டாப் வராதபோது செய்ய வேண்டியவை

திசையன்விளை, அம்பாசமுத்திரம் பக்கத்துப் படிப்பகங்களிலும் பள்ளிகளிலும் ஹார்ட் டிஸ்க் பழுதான பழைய கணினிகளுக்கு மறுவாழ்வு தர எளிய வழி, லைவ் டிவிடியைப் போட்டு லினக்ஸை நேரடியாக இயக்குவதே. அப்படி இயக்கும்போது, எழுத்துகள் சரசரவென்று ஓடி முடிந்த பிறகு கறுப்புத் திரையும் மினுங்கும் கர்சரும் மட்டும் மிஞ்சுவதுண்டு. “ஓடுது அண்ணாச்சி, படம்தான் வரல” என்பார்கள். அந்தச் சொல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஏறி நிற்கிறது, டெஸ்க்டாப் மட்டும் எழவில்லை. ஆகவே இயந்திரத்தை எடைக்குப் போடவும் வேண்டாம், அவசரப்பட்டு வேறொரு டிவிடி எழுதவும் வேண்டாம். எந்த இடத்தில் நின்றது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியாக இருந்தால், மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் மற்றொரு துளையில் செருகிவிட்டுத் திரை வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பது வீண்.

அடுத்து கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். லாகின் கேட்டால் கணினி நலமாக இருக்கிறது என்று பொருள். லினக்ஸ் பதிப்புகளில் டெபியன் லைவ் என்றால் பயனர் பெயர் யூசர், கடவுச்சொல் லைவ். உபுண்டுவில் பயனர் பெயர் உபுண்டு, மின்ட்டில் மின்ட். இவ்விரண்டிலும் கடவுச்சொல் கேட்டால் வெறுமனே என்டர் தட்டினால் போதும். (இங்கே தமிழில் எழுதியிருப்பவற்றைத் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.) லாகின் வராவிட்டால் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போதெல்லாம் அதன் விளக்கு மாறி மாறி எரிந்து அணைந்தால் கர்னல் இன்னும் இயங்குகிறது. அசையாமல் இருந்தால் முழுவதும் உறைந்துவிட்டது.

பழைய கணினிகளில் மிகுதியாகக் காணப்படும் காரணம், கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான். இப்போதைய கர்னல்கள் பூட் ஆகும்போதே திரையின் அளவைத் தாமே அமைத்துக்கொள்கின்றன. சில கார்டுகள், குறிப்பாகப் பழைய என்விடியா கார்டுகள், அந்த அமைப்புக்கு ஒத்துவராமல் திரையை இருட்டாக்கிவிடுகின்றன. இதைத் தவிர்க்க, பூட் மெனு தெரியும்போது இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குச் சென்று, நோ, மோட், செட் என்ற மூன்று சொற்களையும் இடைவெளியின்றி ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதி, எஃப்10 அழுத்துங்கள். பழைய டிவிடிகளின் மெனுவில் இ விசைக்குப் பதில் டேப் விசையும், எஃப்10க்குப் பதில் என்டரும் வேலை செய்யும். அதே வரியில் இருக்கும் க்வயட், ஸ்பிளாஷ் என்ற இரண்டு சொற்களையும் அழித்துவிடுவது நல்லது. அப்போதுதான் கர்னல் சொல்லும் செய்திகள் மறையாமல் திரையில் ஓடும், எந்த வரியில் நிற்கிறது என்பதும் தெரியும். மின்ட் டிவிடியில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்ற தேர்வு மெனுவிலேயே இருக்கிறது. இந்த வழியில் வரும் டெஸ்க்டாப்பில் திரையின் அளவை மாற்ற முடியாமல் போகலாம், வீடியோ திக்கித் திணறலாம்; ஆனால் எழுதவும் படிக்கவும் அது போதுமானது. டிவிடியில் எதுவும் பதிவாகாது என்பதால் ஒவ்வொரு முறை பூட் செய்யும்போதும் அந்தச் சொல்லை மறுபடி எழுத வேண்டும். ஒரு தாளில் எழுதிக் கணினிப் பெட்டியின் மேல் ஒட்டிவைத்தால் பின்னால் வரும் பிள்ளைகளுக்கு உதவும்.

லாகின் ஆன பிறகு காரணம் தேடுபவர்கள் வார் அடைவுக்குள் இருக்கும் லாக் அடைவில் (/var/log) எக்ஸ்ஆர்க்.0.லாக் (Xorg.0.log) என்ற கோப்பு இருந்தால் திறந்து பாருங்கள் (அதில் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து). அடைப்புக்குறிக்குள் இரண்டு இ எழுத்துகள் உள்ள வரிகளே பிழைகள். திரை எதுவும் கிடைக்கவில்லை என்ற பொருள்படும் வரி அங்கிருந்தால் பெரும்பாலும் டிரைவர்தான் கோளாறு.

அடுத்த காரணம் ராம். லைவ் முறையில் நீங்கள் செய்யும் மாற்றங்கள் எல்லாம் ராமில்தான் தங்குகின்றன. டெஸ்க்டாப்பும் அதே ராமில்தான் இயங்க வேண்டும். ஃப்ரீ என்று தட்டி இடைவெளி விட்டுக் கழித்தல் குறியும் எம் எழுத்தும் சேர்த்தால் ராம் எவ்வளவு என்பது எம்பி கணக்கில் தெரியும். மின்ட் குறைந்தது 2 ஜிபி கேட்கிறது. 1 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் க்னோம் போன்ற கனமான டெஸ்க்டாப்பை எதிர்பார்க்காமல், எல்எக்ஸ்க்யூடி போன்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். சர்வர் பதிப்பு டிவிடியில் டெஸ்க்டாப்பே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, நம் வட்டாரத்துக்கே உரிய தொல்லை. திசையன்விளைத் தேரியின் செம்மண் தூசி டிரைவின் லென்ஸில் படிகிறது. தென்காசிப் பக்கம் சாரல் காலத்து ஈரத்தில் டிவிடியில் பூஞ்சை பூக்கிறது. சூடோ டிமெஸ்ஜி (sudo dmesg) என்று தட்டி, வரும் செய்திகளில் டிவிடி டிரைவைக் குறிக்கும் எஸ்ஆர்0 (sr0) என்ற பெயருடன் ஐஓ எரர் (I/O error) என்ற படிப்புப் பிழை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டிவிடியை எடுத்து டியூப் லைட்டின் கீழ் சாய்த்துப் பிடியுங்கள். மங்கல் திட்டும் கீறலும் பளிச்சென்று தெரியும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். தகவல் சுழல்பாதையில் எழுதப்பட்டிருப்பதால் குறுக்கே விழும் சிறு கீறலை டிரைவ் திருத்திப் படித்துவிடும். பாதையோடு ஒட்டி நீளும் கீறலை அப்படிப் படிப்பது கடினம்.

புதிதாக எழுத நேர்ந்தால், இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பின் (டிவிடியில் எழுதுவதற்கான கோப்பு) எஸ்ஹெச்ஏ256 எண் (கோப்பு பழுதின்றி இறங்கியதா என்று பார்க்க உதவும் எண்) அதை வெளியிட்டவர்கள் தந்திருக்கும் எண்ணோடு ஒத்திருப்பதை உறுதிசெய்த பிறகே, குறைந்த வேகத்தில் எழுதுங்கள். நல்ல டிவிடியும் படிக்கப்படவில்லை என்றால் டிரைவின் லென்ஸில் தூசி படிந்திருக்கலாம், அல்லது டிரைவே தேய்ந்திருக்கலாம். பெரும்பாலான பதிப்புகளின் ஐஎஸ்ஓவை அப்படியே பென்டிரைவில் எழுதியும் பூட் செய்யலாம்.