கடலூரில் நடந்து பார்க்க: ஒரு நடைக்கு ஒரு கரை

புதுச்சேரி ஒயிட் டவுனில் நடக்க யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. தெருக்கள் நேராக இருக்கின்றன, மூலைக்கு மூலை பெயர்ப்பலகையும் உண்டு. கடலூர் அப்படியில்லை. குறுக்கே கெடிலம் ஆறு ஓடுவதால் ஊர் துண்டு துண்டாகக் கிடக்கிறது. வெளியூர்க்காரர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் நடந்து பார்த்துவிடலாம் என்று கிளம்பி, பாதி நேரத்தைப் பாலத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் கழித்துவிட்டுப் போகிறார்கள். ஆகவே விதி ஒன்றுதான்: ஒரு நடைக்கு ஒரு கரை.

படி 1: ஊரைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஆற்றுக்கு வடக்கே மஞ்சக்குப்பமும் தேவனாம்பட்டினமும். தெற்கே திருப்பாப்புலியூரும் முதுநகரும். பஸ் ஸ்டாண்டு திருப்பாப்புலியூரில் இருக்கிறது. யாராவது ‘ஓ.டி.’ (ஓல்டு டவுன்) என்றால் முதுநகரைச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். மேற்கே கொஞ்சம் தள்ளி, அதே கெடிலக் கரையில் திருவந்திபுரம். அதைத் தனி நாளுக்கு வையுங்கள்.

படி 2: மேப்பை நம்புவதற்கு முன்

இந்தப் படியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேப்பில் தேவனாம்பட்டினம் கடற்கரையையும் முதுநகர் துறைமுகத்தையும் பாருங்கள். கூப்பிடு தூரம் போலத் தெரியும். கடற்கரை மணலிலேயே தெற்கே நடந்தால் துறைமுகம் வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வராது. நடுவில் முகத்துவாரம் இருக்கிறது. மணல்திட்டு போட்டு ஆறு அடைத்தது போலத் தெரிகிற நாட்களிலும் அதில் இறங்காதீர்கள். அலை ஏறினால் திரும்பி வர வழி இருக்காது.

அடுத்தது கெடிலத்தின் கரை. மேப்பில் ஆற்றை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று ஓடும். சில இடங்களில் அது வண்டி போகிற நல்ல மண்கரை. சில இடங்களில் சீமைக் கருவேலம் மண்டி, ஆள் நுழைய முடியாத புதர். கோட்டைப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் முதல் நாள் இரவே சாட்டிலைட் படத்துக்கு மாற்றி அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். பழுப்பாகத் தெரிந்தால் பாதை, கரும்பச்சையாக இருந்தால் முள். படம் பழையதாகவும் இருக்கலாம், சந்தேகம் வந்தால் தார் ரோட்டிலேயே போய்விடுங்கள்.

செயலியில் என் கட்சி ஆர்கானிக் மேப்ஸ். ஊரை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும், விளம்பரத் தொல்லை கிடையாது. கூகுள் மேப்பை சாட்டிலைட் படத்துக்கும், பஸ் ஸ்டாண்டு பக்கம் டிபன் கடை தேடவும் மட்டும் வைத்திருக்கிறேன். அடிக் கணக்குக் காட்டும் கைக்கடிகாரமெல்லாம் இந்த ஊருக்குத் தேவையில்லை. தொப்பிக்குப் பதில் குடை கொண்டு போங்கள். வெயிலுக்கும் ஆகும், தெருநாய்க்கும் ஆகும்.

படி 3: தூரத்து முனைக்கு பஸ்ஸில் போய், நடந்து திரும்புங்கள்

நடந்து போய் பஸ்ஸில் திரும்பலாம் என்று நினைத்தால், களைத்துப்போன நேரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டி வரும். முதலில் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ போய்விட்டால் அந்தக் கவலை இல்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. இன்னொரு லாபமும் உண்டு. காலையில் கடலிலிருந்து மேற்கே நடந்தால் வெயில் முதுகில் விழும், கண்ணில் அடிக்காது.

முதல் நடை: தேவனாம்பட்டினம் – மஞ்சக்குப்பம்

புதியவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். மேடு பள்ளம் இல்லை, வழி தவறவும் இடமில்லை. விடியும்போது சில்வர் பீச்சில் இருங்கள். கடலில் குளிக்க வேண்டாம், இழுப்பு அதிகம்.

பீச்சுக்குப் பக்கத்தில், கெடிலத்தின் வடகரையில்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இன்று இருப்பது செங்கல் சுவரின் மிச்சங்கள்தான். வேலி போட்ட இடமென்றால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். ஆனால் கதை பெரிது. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அதன் சென்னை கவர்னர் எலிஹு யேல் இதை மராத்தியர்களிடமிருந்து வாங்கினார். பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றுவிட்டது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் ஆங்கிலேயருக்கு இதுதான் தலைமையிடம், 1752 வரை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே சிலையைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு மறுபாதிக் கதை இந்தச் செங்கல்லில் கிடைக்கும்.

அங்கிருந்து பெரியார் கலைக் கல்லூரி வழியாக பீச் ரோட்டிலேயே மேற்கே வாருங்கள். புதுப்பாளையம் தாண்டினால் மஞ்சக்குப்பம் மைதானம். கம்பெனித் தளபதி ராபர்ட் கிளைவ் தங்கியிருந்த கார்டன் ஹவுஸ் இந்தப் பக்கம்தான். கலெக்டர் குடியிருப்பு என்பதால் வாசலோடு சரி. பேசிக்கொண்டே நடந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் டிபன் கடைக்கு வந்துவிடலாம்.

இரண்டாம் நடை: திருப்பாப்புலியூர்

பஸ் ஸ்டாண்டிலிருந்தே தொடங்கலாம். லாரன்ஸ் ரோட்டு நெரிசலைச் சீக்கிரம் கடந்துவிடுங்கள், அங்கே ரசிக்க ஒன்றுமில்லை. பாடலீஸ்வரர் கோயில் மதியம் நடை சாத்திவிடும், காலையிலேயே போங்கள். ஊருக்குத் திருப்பாதிரிப்புலியூர் என்ற முழுப்பெயரைத் தந்த பாதிரி மரம்தான் இங்கே தலமரம். மாட வீதிகளைச் சுற்றிவிட்டு, தெற்கே வண்டிப்பாளையம் பக்கம் விசாரித்துக்கொண்டு கரையேறவிட்ட குப்பத்துக்கு நடங்கள். பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர், அந்தக் கல்லே தெப்பமாகக் கரை சேர்ந்த இடம் இது என்பார்கள். கடல் எங்கே, இந்த இடம் எங்கே என்று அங்கே போனதும் யாருக்கும் கேட்கத் தோன்றும். முன்பு கெடிலம் இந்தத் தெற்குப் பக்கம் ஓடி, பிறகு வடக்கே தடம் மாறியது என்று சொல்வார்கள். அதை மனதில் வைத்து நடந்தால் தெருக்களின் தாழ்வும் மேடும் வேறு மாதிரித் தெரியும். சித்திரை அனுஷத்தில் கரையேறிய விழா நடக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

மூன்றாம் நடை: முதுநகர்

குறுகிய நடை. துறைமுகம் ஜங்ஷனில் இறங்கி, கிளைவ் தெருப் பக்கம் சுற்றிவிட்டு உப்பனாற்றுக் கரைக்குப் போனால் படகுகளும் மீன் ஏலமும். வழியில் அஞ்சலையம்மாளைப் பற்றி விசாரியுங்கள், 1927-ல் சென்னையில், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலேய அதிகாரி நீலின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்துக்குப் போன முதுநகர்க்காரர் அவர். ஏலத்தின்போது நடுவில் நின்று படம் பிடிக்காதீர்கள், கூடை தூக்கி வருகிறவர்களுக்கு இடைஞ்சல். தரை ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு போதும். அதற்கும் தெற்கே, சிதம்பரம் ரோட்டில் சிப்காட் தொழிற்பேட்டையை நோக்கி நடப்பது வீண். லாரிகள்தான் துரத்தும்.

பிறகு சேர்த்தது

வயதான அம்மாவை அழைத்துவர முடியுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முதல் நடையை மட்டும், பாதியில் ஆட்டோ பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். திருவந்திபுரம் என்றால் தேவநாத சுவாமியைச் சேவித்துவிட்டு ஆற்றங்கரையில் உலாவினால் போதும், ஹயக்ரீவர் மலைக்குப் படி ஏற வேண்டும். முகூர்த்த நாளில் போகாதீர்கள். கல்யாணக் கோஷ்டிகளுக்கு நடுவே கால் வைக்க இடம் கிடைக்காது.

மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்குச் சுவாமிகள் வருவதால் தேவனாம்பட்டினம் ரோடு முழுக்க ஜனம். அன்றைக்கு முதுநகர் பக்கம் போய்விடுங்கள்.

மழைக்காலம் பற்றியும் கேட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கெடிலமும் தென்பெண்ணையும் எப்போது பெருகும் என்று சொல்ல முடியாது. இங்கே மழை இல்லாவிட்டாலும் மேற்கே பெய்த தண்ணீர் வந்து சேரும். அந்த மாதங்களில் மண்கரைப் பக்கமே வேண்டாம். தை, மாசிதான் நல்ல பருவம். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எட்டரை மணிக்குள் நடையை முடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் பண்ருட்டிப் பலாச்சுளை வந்திருக்கிறதா என்று பாருங்கள்.