பிக்கப்ல பைக் ஏத்தும்போது பண்ணக்கூடாத தப்புங்க

ஓசூர், பெங்களூர் பக்கம் வேலை பாக்குற பசங்க வீடு மாத்தும்போது கட்டில் பீரோவோட பைக்கையும் குட்டி யானையில போட்டு தருமபுரி, அரூர், சேலம்னு அனுப்பறது இப்போ ரொம்ப சாதாரணம். கிருஷ்ணகிரியில பிக்கப் ஓட்டறேன், பைக் லோடு அடிக்கடி வரும். புதுசா வண்டி எடுத்த தம்பிங்க பைக் ஏத்தறதை பாத்தா, நாங்கல்லாம் ஆரம்பத்துல பண்ணின அதே தப்பை ஒண்ணுவிடாம பண்றாங்க. சாவியை எடு, பெட்ரோல் மூடியை பாருன்னு தெரிஞ்சதையெல்லாம் நான் எழுதப்போறதில்ல. நஷ்டம் வைக்கிறது எதுவோ அதை மட்டும் சொல்றேன்.

வண்டி அளவு பாக்காம ஏத்தறது

குட்டி யானைங்கற டாடா ஏஸோட பாடி நீளம் ஏறக்குறைய 7 அடி. கிளாசிக் 350 புல்லட் 2145 மில்லிமீட்டர், அதுவும் 7 அடிதான். நேரா நிறுத்தினா பின் டோர் மூடறது கஷ்டம், முன்னாடி பழைய டயர் ஒண்ணு வச்சா மூடவே மூடாது. உடனே டோரை தொங்கவிட்டு ஓட்டறாங்க, நம்ம நம்பர் பிளேட்டு டெயில் லைட்டு எல்லாம் அதுல மறைஞ்சுபோகும், ராத்திரி பின்னாடி வர்ற லாரிக்காரருக்கு நாம போறதே தெரியாது. லோடு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா 2019 சட்ட திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 20,000 ரூபாய். புல்லட் மாதிரி பெரிய வண்டின்னா தோஸ்த், பொலேரோ பிக்கப் பாருங்க, பாடி 8 அடிக்கு மேல இருக்கும், நிம்மதியா டோரை மூடலாம்.

பலகை மேல ஓட்டிக்கிட்டே ஏத்தறது

வேண்டாம். தள்ளித்தான் ஏத்தணும்.

பலகையோட மேல் நுனியை பாடியில கட்டிருங்க, இல்லன்னா பின் சக்கரம் ஏறும்போது பலகை பின்னாடி உதைச்சுக்கிட்டு கழண்டுரும். பக்கத்துல மண் மேடு ஏதாச்சும் இருந்தா வண்டியை ரிவர்ஸ்ல அதை ஒட்டி நிறுத்துங்க, பாதி உயரம் குறைஞ்சிரும், ரெண்டு பேரே போதும்.

ஸ்டாண்டு போட்டு கட்டறது

இதை பாத்தா இன்னிக்கும் எனக்கு கோவம் வருது, ஏன்னா அதிகமா நடக்கறதும் இதுதான், அதிகமா காசு தின்றதும் இதுதான்.

பைக்கை ஏத்தி, சென்டர் ஸ்டாண்டு போட்டு, சீட்டு மேல ஒரு சுத்து, ஹேண்டில் பார்ல ஒரு சுத்து நைலான் கயிறை போட்டு இறுக்கி, கையால ஆட்டிப் பாப்பாங்க, அசையாது, அவ்ளோதான் கிளம்பிருவாங்க. நிக்கும்போது அசையாதுதான். ரோட்டுல என்ன ஆகுதுன்னா, 195 கிலோ புல்லட்டோட பெரும்பாரம் ஸ்டாண்டோட ரெண்டு சின்ன கால் மேல இருக்கு, கீழ வழுவழுன்னு தகரம், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் பைக் துள்ளித் துள்ளி கொஞ்சம் கொஞ்சமா நகரும். நாம சடன் பிரேக் போட்டா பைக் முன்னாடி ஓடப் பாக்கும், சென்டர் ஸ்டாண்டு மடங்கறதும் அதே பக்கம்தான், மடங்கிரும். மடங்கினதும் பைக் ஒரு அங்குலம் ரெண்டு அங்குலம் கீழ இறங்கும், கயிறு மொத்தமும் தளர்ந்துரும், அப்புறம் அதை பிடிக்க எதுவுமே இல்ல.

ஓசூர்ல ஒரு தம்பி இப்படித்தான் கட்டிக்கிட்டு இருந்தான், சேலம் போற லோடு. "ஸ்டாண்டை எடுத்துட்டு கட்டுப்பா"ன்னு சொன்னேன். "கம்பெனி ஸ்டாண்டுண்ணா, தாங்கும்"னுட்டு கிளம்பிட்டான். நானும் பின்னாடியே தருமபுரி தாண்டிப் போக வேண்டியிருந்துச்சு. பாளையம் டோல்கேட் தாண்டி தொப்பூர் இறக்கத்துல பாத்தா ஓரமா நிறுத்தியிருக்கான், புல்லட் வலது பக்கமா சாஞ்சு கிடக்கு, டேங்க் பாடியோட விளிம்புல இடிச்சு உள்ளங்கை அளவுக்கு உள்ள போயிருச்சு, பிரேக் லீவர் உடைஞ்சிருச்சு, பெட்ரோல் சொட்டி கீழ இருந்த மெத்தை பூரா நனைஞ்சிருக்கு. வாடகையை விட்டுட்டு மேல கைக்காசும் போட்டுத்தான் கணக்கை முடிச்சான். பைக்கோட ஓனர் பையன் லோன்ல வாங்கின வண்டி அது, அவன் முகத்தை பாக்க முடியல.

சைடு ஸ்டாண்டு போட்டு கட்டறதும் இதே கதைதான். கயிறை இறுக்க இறுக்க மொத்த அழுத்தமும் ஸ்டாண்டு போல்ட் இருக்கிற இடத்துல விழும், சேஸிஸ்ல வெல்டிங் விட்ட பைக்கெல்லாம் பாத்திருக்கேன்.

சரியான முறை இதுதான். ஸ்டாண்டு ரெண்டையும் மடக்கிருங்க, பைக் தன் சக்கரத்துல நிக்கணும். முன் சக்கரம் கேபின் பக்கத்து தகரத்துல போய் முட்டி நிக்கணும், நடுவுல பழைய டயரோ மடிச்ச கோணிப்பையோ வைங்க. ஃபர்ஸ்ட் கியர் போட்டுருங்க. முன் ஷாக் ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிற கீழ் பிளேட்டுல ரெண்டு பக்கமும் ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்ட ஆட்ட இறுகற பட்டை) மாட்டி, முன் மூலை கொக்கிங்களுக்கு சாய்வா இழுங்க. ஒரு பக்கமே இழுக்காம இடது கொஞ்சம் வலது கொஞ்சம்னு மாத்தி மாத்தி இழுத்தா பைக் நேரா நிக்கும். முன் ஷாக் பாதி அமுங்கற வரைக்கும் இழுத்தா போதும், முழுசா அமுக்கிறாதீங்க, ஆயில் சீல் போயிரும். அமுங்கின ஸ்பிரிங் எந்நேரமும் மேல தள்ளிக்கிட்டே இருக்கறதால பெல்ட் லேசுல தளராது, குழியில விழுந்தாலும் ஸ்பிரிங் அதை வாங்கிக்கும். ஸ்டாண்டு போட்டா இந்த ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லாம போயிருது, என் ஆத்திரமே அதுலதான். பின்னாடி ரெண்டு பெல்ட் பக்கவாட்டுல ஆடாம இருக்கறதுக்கு மட்டும், அதை வெறி பிடிச்ச மாதிரி இறுக்க வேண்டியதில்ல.

நைலான் கயிறை நம்பறது

இழுபடும், மழையில நனைஞ்சா இன்னும் இழுபடும். ராட்செட் பெல்ட் நாலு வாங்கி சீட்டுக்கு அடியில போட்டு வைங்க. கயிறுதான் இருக்குன்னா தகர விளிம்புல உரசற இடத்துல சாக்கு சுத்துங்க.

ஸ்கூட்டர் பிளாஸ்டிக் மேல கயிறு போடறது

உடையும். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் லோடு வேற இப்போ கூடிருச்சு, சுத்தி பிளாஸ்டிக்தான், எங்க கம்பி இருக்குன்னு தேடிப் பாத்து அதுல மட்டும் கட்டுங்க.

பிடிச்சுக்க ஒரு ஆளை பின்னாடி நிக்க வைக்கிறது

கூடவே கூடாது. சாயற புல்லட்டை யாராலயும் பிடிக்க முடியாது, ஆள் அடியில போயிருவான்.

கட்டினதோட மறந்துடறது

கிளம்பி கொஞ்ச தூரத்துலயே ஒரு தடவை இறங்கிப் பாருங்க, முதல் தளர்வு அங்கதான் தெரியும். அப்புறம் டீ குடிக்க நிறுத்தற இடத்துலல்லாம் பெல்ட்டை ஒரு தட்டு தட்டிப் பாருங்க. சேலம் போறவங்க தொப்பூருக்கு முன்னாடி கட்டாயம் பாக்கணும். அந்த இறக்கத்துல டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடறவங்க இன்னும் இருக்காங்க, அங்க நடந்த எத்தனையோ விபத்துக்கு அதுதான் காரணம். சின்ன கியர்ல இறங்கினா பிரேக்கும் சூடாகாது, பின்னாடி இருக்கிற பைக்குக்கும் குலுக்கல் இருக்காது.

இறக்கும்போது அவசரம்

பெல்ட் எல்லாத்தையும் ஒரே நேரத்துல அவுத்துடறாங்க. முன் பெல்ட்டை விட்டதும் அமுங்கியிருந்த ஷாக் குபுக்குன்னு எழும்பும், பைக் ஒரு பக்கமா சாயும். அதனால முதல்ல பின் பெல்ட்டுங்க, அப்புறம் ஒரு ஆள் ஏறி நின்னு ஹேண்டிலை பிடிச்சு முன் பிரேக்கை அழுத்திக்கணும், சைடு ஸ்டாண்டை இறக்கி விடணும், அதுக்கப்புறம் வலது பெல்ட், கடைசியா இடது.